கேள்வி இலக்கம் ஆறு: பிள்ளைகளின் பெயர், வயது

கண்டியில ஏ.எல் வகுப்பு படிச்சு, தோட்டத்துப் பொம்பளைங்களப் பத்தி ஒரு புரொஜெக்டாவது செஞ்சவங்க யாராவது இத வாசிச்சா, நீங்க ரத்தினம்மாவ கட்டாயம் பார்த்திருப்பீங்க. பேர் மறந்திருக்கும். ஆனா வாசலையொட்டின அந்த இஸ்தோப்புல, ஒரு கால் லேசா ஆடுற நீலக் கதிரையில ஒக்காந்து, இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணிய ஊதி ஊதிக் குடிச்சது ஞாபகம் இருக்கும். அந்த அம்மாதான். அவங்களப் பத்தி யாராவது எழுதணும். மனசு கெடந்து அடிச்சுக்குது, அதான் நானே எழுதுறேன்.

பன்விலயிலருந்து மேல வர்ற பஸ் எங்க தோட்டத்து தேயிலை ஸ்டோர் வரைக்கும்தான் ஏறும். எறங்கினா முதல் லயத்து வரிசை எங்களது, லயத்துல முதல் காம்பரா வீடு அவங்களது. நான் ரெண்டு காம்பரா தள்ளி. சொந்தம் கெடையாது, ஆனா பேசப் பழகினதுலருந்து அவங்க எனக்கு அத்தைதான். கண்டியிலருந்து வர்ற பிள்ளைங்க பஸ்ஸ விட்டு எறங்கி, அட்டைக்குப் பயந்து சப்பாத்த தட்டித் தட்டி வந்து முதல்ல நிக்கிறது அத்தை வாசல்ல. மத்த பொம்பளைங்க “எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, தொரகிட்ட போய்க் கேளுங்க”ன்னு உள்ள போயிருவாங்க. அத்தை மட்டும் கதிரையத் தொடச்சுப் போடுவாங்க. அப்பறம் என்ன, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லி, டியூஷன் சொல்லிக்குடுக்குற சேர்மார் வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. “பன்வில மேல ரத்தினம்மான்னு ஒருத்தங்க, நல்லா பேசுவாங்க, அவங்ககிட்ட போங்க.” சும்மா சொல்லல, கண்டிப் பிள்ளைங்க எழுதின ஆராய்ச்சியில ‘மலையகப் பெண்’ணுன்னு எங்க வந்தாலும் பாதிக்கு மேல எங்க அத்தையாதான் இருக்கும்.

பக்கத்துக் காம்பரா யசோதா அக்கா விடவே மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை பஸ் சத்தம் கேட்டாப் போதும்.

“ஏய் ரத்தினம், ஒன் பிள்ளைங்க வந்திருச்சு! ஒனக்கு கம்பஸ்ல பட்டம் குடுக்கப் போறாங்களாம்டி, தொப்பி தைக்க அளவு கேட்டாங்க.”

“ஒன் தலைக்கும் சேர்த்து கேக்கச் சொல்றேன். அதுல ஒண்ணும் இல்லாததால சின்ன சைஸ் போதும்.”

அத்தைக்கு வினாக்கொத்தே மனப்பாடம். முதல்ல யாரு தயாரிச்சாங்களோ தெரியல, ஒருத்தர் அடிச்ச கேள்விப் பேப்பரப் பார்த்துத்தான் அடுத்தவங்க அடிப்பாங்க. பேர், வயசு, என்ன படிச்சீங்க, கல்யாணம் எப்ப, வீட்டுல எத்தன பேர், ஆறாவது கேள்வி பிள்ளைங்களோட பேர் வயசு, ஏழாவது தண்ணி, எட்டாவது கக்கூஸ். தலைப்பு போஷாக்கா இருந்தாலும் சரி, டெங்குவா இருந்தாலும் சரி, முதல் பக்கம் மாறாது. பிள்ளை பேனாவத் தேடுறதுக்குள்ள அத்தை அஞ்சு கேள்விக்குப் பதில் சொல்லி முடிச்சிருப்பாங்க. ஆறுல மட்டும் நிப்பாட்டுவாங்க. எழுதுறவங்க பேனா பேப்பருக்கு வர்ற வரைக்கும் பார்த்துட்டு, மெதுவா, ஒவ்வொரு பேரா சொல்லுவாங்க.

“மூத்தவன் ரவிகுமார். எழுதிட்டியா? ரெண்டாவது...”

அந்த ரெண்டாவது பேரச் சொல்லும்போது கொரல் கொஞ்சம் எறங்கும். பிறகு டிலானி, கடைசி ஸ்ரீதரன்.

உள்ளருந்து அத்தை புருசன் லெட்சுமணன் மாமா சத்தம் போடுவாரு. “மூணுன்னு எழுது தங்கச்சி. அவ சும்மா சொல்லுவா.”

“நாலுன்னு எழுதும்மா. பெத்தது நானு.”

பிள்ளைங்க முழிக்கும். அத்தை சொல்றதத்தான் எழுதும்.

அந்த ரெண்டாவது பிள்ளையப் பத்தி நான் சொல்லணும். எங்கள்ல பிள்ளை பொறந்து முப்பதாம் நாள் தீட்டுக் கழிச்சு, சாமி கும்பிட்டு, அன்னைக்குத்தான் நாலு சனத்துக்கு முன்னால பேரக் கூப்பிடுவாங்க. அதுக்கு முன்னால தாய்க்காரி மனசுல ஒரு பேர் இருந்தாலும் வெளிய சொல்லக்கூடாது, கண்ணு படும்னு சொல்லுவாங்க. அத்தை மனசுல ஒரு பேர் இருந்துச்சு. புருசன்கிட்டகூட சொல்லல. முப்பதுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான், புள்ளைக்குக் காய்ச்சல். நல்ல மழை. தோட்டத்து லொறி கொழுந்த ஸ்டோர்ல எறக்கிட்டுத்தான் வரும்னாங்க. வந்துச்சு, வராம இல்ல. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போற வழியில அத்தை மடியில வெச்சிருந்த சூடு கொறஞ்சிருச்சு. ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டுல ‘ரத்தினம்மாவின் பெண் குழந்தை’ன்னு எழுதினாங்களாம். பேர் கேட்டவங்க யாரும் இல்ல. மாமா பதியவும் போகல. பேர் வைக்காத பிள்ளைய கணக்குல சேர்க்கக்கூடாதுன்னு பெரியவங்க சொன்னாங்க, மாமா அத அப்படியே புடிச்சுக்கிட்டாரு. அவருக்கும் வேற என்ன வழி இருந்துச்சோ.

அவ இருந்திருந்தா என்னவிட ஒரு வயசு மூத்தவ.

வருசம் போச்சு. ஒரு நாள் இராஜேஸ்வரின்னு ஒரு பிள்ளை, கண்டியிலருந்து, ரெட்டைப் பின்னல், கையில வினாக்கொத்து. இங்க வந்த முதல் ஆராய்ச்சிக்காரி அவதான். மாமா வீட்டுல இல்ல. ஆறாவது கேள்வி கேட்டுச்சு. அத்தை ரவிகுமார்னு சொன்னாங்க, அதுக்கப்பறம் வாய் தானா அந்தப் பேரச் சொல்லிருச்சாம். வாழ்க்கையில முதல் தடவை. அத்தை கதவப் புடிச்சுக்கிட்டாங்களாம். அந்தப் பிள்ளை நிமிர்ந்துகூட பார்க்காம கேட்டுச்சாம், “வயசு?”

“இருந்தா ஏழு.”

“ஏழு”ன்னு சொல்லிக்கிட்டே எழுதிருச்சு.

அத்தை இத என்கிட்ட சொல்லும்போது சிரிச்சாங்க. “அது பாட்டுக்கு எழுதுச்சு புள்ள. செத்ததா, இருக்கான்னு ஒண்ணும் கேக்கல. பேர எழுதி, பக்கத்துல ஏழுன்னு போட்டுச்சு. ரவி பேருக்குக் கீழ. நான் எட்டிப் பார்த்தேன்.”

அன்னைலருந்து யாரு வந்தாலும் அத்தை கதவு தொறந்தாங்க. அடுத்த வருசம் எட்டு. அதுக்கடுத்த வருசம் ஒம்பது. ஒவ்வொரு பேப்பர்லயும் அவ வளர்ந்தா. கண்டியில பள்ளிக்கூடங்கள்ல, பேராதனை கம்பஸ்ல, வெளிநாட்டுக்குப் போன பிள்ளைங்களோட பைலுக்குள்ள எல்லாம் அந்தப் பேர் இருக்குன்னு அத்தை நம்புனாங்க. டவுனுக்குப் போய் வரும்போது பஸ்ஸுல பள்ளிக்கூடத்தத் தாண்டினா ஜன்னல் வழியா ஒரு பார்வை பார்ப்பாங்க. நான் கவனிச்சிருக்கேன், எதுக்குன்னு அப்ப தெரியாது.

தனுஜா வந்தது போன வருசம். கண்டி மாநகர சபையில கிளார்க்கா இருக்கிறவரு மக. ஏ.எல் எழுதிட்டு கம்பஸுக்குத் தயாராகுற பிள்ளைங்களுக்கு ஒரு டியூஷன் நிலையத்துல ‘தனி ஆய்வு’ன்னு ஒரு திட்டம். ஒவ்வொரு பிள்ளையும் தனியா ஒரு தலைப்பு எடுத்து, ஆள்களப் பார்த்து, எழுதி, பைண்ட் பண்ணிக் குடுக்கணும். தனுஜா தலைப்பு, தாய்மார் ஏன் பிள்ளைய நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாம போகுது. எனக்கு இந்த ஆராய்ச்சின்னா உசிரு, அவள பஸ்ஸுல இருந்து கூட்டிட்டுப் போனதே நான்தான். நல்ல பிள்ளை. மத்தவங்க ஒரு மணித்தியாலத்துல ஓடிருவாங்க, இவ மூணு ஞாயிறு வந்தா. ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிட்டா. காரத்துல மூக்கு ஒழுகுது, இன்னொரு ரொட்டி கேக்குறா.

“கிளார்க்கு மகளுக்கு வீட்டுல சோறு போடுறதில்லையா?” அத்தை கேட்டாங்க.

“அம்மா சம்பல்ல சீனி போடுவாங்க ஆன்ட்டி.”

“சீனியா! ஐயோ பாவம், அதான் இப்படி மெலிஞ்சு கெடக்க.”

லொறிக்குக் காத்திருந்த கதைய அத்தை அவகிட்ட மட்டும்தான் முழுசா சொன்னாங்க. தனுஜா எழுதுறத நிப்பாட்டிட்டு அழுதா. போகும்போது சொன்னா, “முடிஞ்சதும் உங்களுக்கு ஒரு கொப்பி கொண்டுவந்து தருவேன் ஆன்ட்டி. சத்தியமா.”

இப்படி எல்லாரும் சொல்லுவாங்க. ஒருத்தரும் கொண்டு வந்ததில்ல.

அவ கொண்டு வந்தா. போன் பண்ணினா, “அக்கா, பைண்ட் ஆயிருச்சு, ஞாயித்துக்கிழமை வாறேன்”ன்னா. நான் ஓடிப்போய் அத்தைகிட்ட சொன்னேன். அத்தை கொழுந்துக் கூடையக்கூட எறக்கல, அப்படியே நின்னாங்க. “பொஸ்தகமாவா?”ன்னு மட்டும் கேட்டாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில லயமே மாறிக் கெடந்துச்சு. வாசல்ல மஞ்சத்தண்ணி தெளிச்சு கோலம். அடுப்புல பாயாசம். வெத்தல பாக்கு வச்சு யசோதா அக்காலருந்து கடைசிக் காம்பரா வரைக்கும் கூப்பிட்டிருக்காங்க. மாமாவுக்கு வெள்ளைச் சட்டை. அவரு அதோட பொத்தானப் பூட்டித் தொறந்து, பூட்டித் தொறந்து ஒரு ஓரமா நின்னாரு. நான் பொஸ்தகம் வர்ற சந்தோசம்னு நெனச்சேன். இஸ்தோப்புக்குள்ள எட்டிப் பார்த்தேன். சாமி படத்துக்கு முன்னால சின்னதா ஒரு பிள்ளைச் சட்டை, மஞ்சள் தடவி மடிச்சு வச்சிருந்துச்சு.

அப்பதான் எனக்கு விளங்குச்சு. அத்தை முப்பது கும்பிடுறாங்க. அன்னைக்கு நடக்காத முப்பது. பேர் எழுதின பொஸ்தகம் வீட்டுக்கு வருது, அத ஒரு படிச்ச பிள்ளை சனத்துக்கு முன்னால வாசிக்கப் போகுது. பேர் கூப்பிட்டாச்சுன்னு ஆயிரும்ல.

தனுஜா வந்தா. செவப்பு அட்டை, தங்க எழுத்து. அத்தை கைய முந்தானையில தொடச்சு, ரெண்டு கையாலயும் வாங்கி, சாமிக்கு முன்னால வச்சு, சூடம் காட்டி, திருப்பி அவ கையிலயே குடுத்தாங்க.

“வாசிம்மா. என் புள்ளைங்க பேர் வர்ற எடத்த. எல்லாருக்கும் கேக்குற மாதிரி.”

தனுஜா என்னப் பார்த்தா. நான் ஏ.எல்ல செஞ்ச புரொஜெக்ட் அட்டையப் பத்தி, தேயிலைக்குள்ள கடிக்கிற அட்டை. அட்டைக்குப் பேர் கெடையாது, அதனால ஆள்களப் பத்தி எழுதுற ரூல் எனக்குத் தெரியாது. வாசி வாசின்னு நானும் தலைய ஆட்டுறேன்.

அவ பக்கத்தப் பெரட்டினா. ஒதடு வெளுத்துப்போச்சு. யசோதா அக்கா, “சத்தமா வாசி தங்கம், இவ நேத்துலருந்து தூங்கல”ங்கிறாங்க. தனுஜா ஒரு பக்கத்துல நிப்பாட்டி, தொண்டையச் செருமிட்டு, “ரத்தினம்மாவின் பிள்ளைகள். ரவிகுமார்”ன்னு சொல்லி, அப்பறம் அந்தப் பேரச் சொன்னா. தெளிவா. சத்தமா.

பொம்பளைங்க குலவை போட்டாங்க. அத்தை கண்ண மூடிக்கிட்டாங்க. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. மாமா பொத்தான விட்டுட்டாரு.

அத்தை கண்ணத் தொறந்து, பக்கத்துல வந்து, விரல நீட்டினாங்க. “எந்த எடத்துல? காட்டு. நான் தொட்டுக்கிறேன்.”

தனுஜா காட்டல.

“அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போயிருக்கேன் புள்ள. என் புள்ள பேர் எழுத்து எனக்குத் தெரியும். எங்க?”

அத்தையே பொஸ்தகத்த வாங்கினாங்க. விரல வச்சு, எழுத்து எழுத்தா, ஒதட்டசைவுல. ‘பங்கேற்பாளர் 4. நான்கு பிரசவங்கள். ஒரு சிசு மரணம்.’ அவ்வளவுதான் இருந்துச்சு. ரவிகுமார் பேரும் இல்ல. ரத்தினம்மா பேரும் இல்ல. அத்தை அடுத்த பக்கம் பார்த்தாங்க, முன் பக்கம் பார்த்தாங்க. குலவை போட்டவங்க எல்லாம் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பார்க்குறாங்க.

“இல்லாதத வாசிச்சியா?”

“ஆன்ட்டி, பேர் போடக்கூடாது ஆன்ட்டி.” தனுஜா வேக வேகமா சொல்றா. “ரூல்ஸ். உங்க நல்லதுக்குத்தான். யாரு என்ன சொன்னாங்கன்னு வெளிய தெரியக்கூடாது, தோட்டத்துல பிரச்சின வரக்கூடாதுன்னு... நம்பர்தான் போடணும்.”

“ஒனக்கு மட்டுமா இந்த ரூல்ஸு?”

“எல்லாருக்கும் ஆன்ட்டி.”

“அப்ப இதுக்கு முன்னால வந்தவங்க? அவங்க எழுதினாங்களே. நான் கண்ணால பார்த்தேன். அந்த ரெட்டைப் பின்னல் புள்ள எழுதுச்சே.”

தனுஜா தலையக் குனிஞ்சுக்கிட்டா. பொய் சொல்லியிருக்கலாம். ஏற்கனவே ஒண்ணு சொல்லி மாட்டிக்கிட்டதால அடுத்தது வரல போல. “அந்தப் பேப்பர் எல்லாம் புரொஜெக்ட் முடிஞ்சதும் கிழிச்சிடுவோம் ஆன்ட்டி. நானும் போன கிழமை கிழிச்சிட்டேன். டியூஷன் சேர்தான் கிழிக்கச் சொன்னாரு.”

அடுப்புல பாயாசம் அடிப்புடிக்கிற வாசம் வந்துச்சு, யாரும் எறக்கப் போகல. நான் அந்த எடத்துலயே செத்துப்போயிரலாம்னு நெனச்சேன், சத்தியமா.

தனுஜா பேனாவ எடுத்தா. “நான் இப்பவே இதுல எழுதுறேன் ஆன்ட்டி, இங்க, முதல் பக்கத்துல, பெருசா.”

அத்தை அவ கையப் புடிச்சாங்க. கோவத்துல இல்ல, மெதுவாத்தான். “வேணாம் புள்ள. இது என் வீட்டுல கெடக்கிற பொஸ்தகம்தானே. இதுல எழுதினா என் வாய்க்குள்ள வச்சிருந்த மாதிரிதான். வெளிய எங்கயோ இருக்குன்னுதான் நான்...”

மாமாதான் அசைஞ்சாரு. உள்ள போய் சட்டிய எறக்கி, பாயாசத்த ஊத்தி, தனுஜா கையில குடுத்தாரு. “குடி தங்கச்சி. நீ தூரத்துலருந்து வந்த புள்ள.” அவ அழுதுக்கிட்டே குடிச்சா. தீய்ஞ்ச பாயாசம். வந்த சனம் எல்லாம் குடிச்சுச்சு. கூப்பிட்ட மரியாதைக்கு.

சாயந்தரம் பஸ்ஸுக்குப் போகும்போது தனுஜா அவ சேருக்குப் போன் எடுத்தா. நன்றி சொல்ற பக்கத்துலயாவது அந்தப் பேரப் போடலாமான்னு கேட்டா. புள்ளி போடுறவங்களுக்குக் குடுத்தாச்சு, இனி ஒண்ணும் மாத்த ஏலாதுன்னுட்டாரு. அவரு கெட்டவர் இல்ல. ரூல்ஸும் கெட்டது இல்ல, அதுதான் எனக்கு இன்னும் ஆறல. யாரையாவது திட்டலாம்னு பார்த்தா திட்ட ஆள் கெடைக்கல. ரெண்டு மாசம் கழிச்சு தனுஜா ஆய்வுக்கு முதல் பரிசு. பங்கேற்பாளர்களோட விவரத்த நல்லா பாதுகாத்திருக்கான்னு தனியா பாராட்டியிருந்தாங்களாம். எனக்கு மெசேஜ் அனுப்பிச் சொன்னா. கீழ ஒரு வரி, ‘ஆன்ட்டிகிட்ட சொல்லாதீங்க அக்கா.’

அத்தை அதுக்கப்பறமும் வேலைக்குப் போனாங்க, கொழுந்து எடுத்தாங்க, யசோதா அக்காவோட வாயடிச்சாங்க. அந்தப் பொஸ்தகம் அலுமாரிக்கு மேல கெடக்கு. மஞ்சள் சட்டைய எங்க வச்சாங்கன்னு தெரியல. டவுனுக்கு நானும் அவங்களும் ஒரு தடவை சேர்ந்து போனோம். பள்ளிக்கூடத்தத் தாண்டும்போது நான் அவங்களப் பார்த்தேன். அவங்க மடியில இருந்த பைய நோண்டிக்கிட்டு இருந்தாங்க.

இத எழுதவான்னு அவங்ககிட்டதான் கேட்டேன். “என் பேரப் போட்டே எழுது. பங்கேற்பாளர்னு எழுதின, ஒத வாங்குவ”ன்னாங்க. அவ பேரையும் போடவான்னு கேட்டேன். எவ்வளவு ஆசையா கேட்டேன் தெரியுமா, ஒரு நொடியில எத்தனையோ பேர் வாசிப்பாங்க அத்தைன்னு கெஞ்சினேன். தலைய ஆட்டிட்டாங்க. “போதும் புள்ள. திரும்ப ஒருக்கா கிழிக்க வேணாம்.” அதனாலதான் அந்தப் பேர் இதுல இல்ல.

போன ஞாயிறு இப்ஹாம்னு ஒரு தம்பி வந்தான். கட்டுகஸ்தோட்டப் பக்கம். ஏ.எல் முதல் வருசம், தண்ணியப் பத்தி ஆய்வு. சப்பாத்துக்கு மேல பொலித்தீன் பைய கட்டிக்கிட்டு வந்திருந்தான், யசோதா அக்கா சிரிச்ச சிரிப்புல கோழி எல்லாம் ஓடிருச்சு. அத்தை கதிரையத் தொடச்சுப் போட்டாங்க. தேத்தண்ணி குடுத்தாங்க. அவன் பேனாவ எடுக்கிறதுக்குள்ள அஞ்சு கேள்விக்கும் பதில் சொல்லிட்டாங்க. நான் கதவோரம் நின்னேன்.

“பிள்ளைங்க எத்தன பேர் அக்கா? பேரும் வயசும்.”

“மூணு. ரவிகுமார், டிலானி, ஸ்ரீதரன்.” நிப்பாட்டாம சொல்லி முடிச்சாங்க.

உள்ள மாமா ரேடியோவ நோண்டிக்கிட்டு இருந்தாரு. அந்தச் சத்தம் நின்னுச்சு. வெளிய வந்தாரு. “நாலுன்னு எழுது தம்பி.”

அத்தை திரும்பிப் பார்க்கல.

இப்ஹாம் ரெண்டு பேரையும் பார்த்தான். மூணுன்னு எழுதினத வெட்டி நாலுன்னு போட்டான். “அப்ப நாலாவது ஆள் பேரு என்ன மாமா?”

மாமா வாயத் தொறந்தாரு. உள்ள இருந்து எத்தனையோ தடவை கேட்ட பேர்தான், ஆனா அவரு சொல்லிப் பழகினதே இல்ல. பேர் வரல. “அவ சொல்லுவா”ன்னாரு.

இப்ஹாம் அத்தையப் பார்த்துக் காத்துக்கிட்டு இருந்தான். அத்தை அவன் கப்ப எட்டிப் பார்த்தாங்க. “ஆறிப்போச்சே தம்பி. மாத்தித் தரவா?”

“வேணாம் அக்கா.” அவன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். பிறகு நாலுன்னு போட்ட எடத்துக்குக் கீழ ஒரு வரிய சும்மா விட்டுட்டு அடுத்ததுக்குப் போனான். “தண்ணி எங்க இருந்து எடுக்குறீங்க?”

“மலைத்தண்ணி வர்ற பீலியில. மழைக்குக் கலங்கித்தான் வரும். எழுதிக்க.”